காவடிப் பதிவேடு விளம்பரப் பட்டியலான விதம்: டர்பன் நிகழ்வு ஒன்றின் ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய புறநகர் ஒன்றில் உள்ள முருகன் கோயிலில் தைப்பூசக் காவடி எடுத்த பலருக்கு, கொடியிறக்கம் முடிந்து இரண்டு வாரம் ஆவதற்குள், ஒரே அச்சில் வார்த்தது போன்ற காப்பீட்டு விளம்பரங்கள் கைபேசியில் வரத் தொடங்கின. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வகை வந்தது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வேறொரு வகை. நோய் எதுவும் இல்லாத இளைஞர்களுக்கு மூன்றாவது வகை. இந்தப் பாகுபாடு தற்செயலாக அமைந்திருக்க முடியாது என்று முதலில் சந்தேகப்பட்டவர்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள். கோயில் நிர்வாகம் அல்ல. நான் கணினித் துறையில் வேலை பார்ப்பவன். அந்தக் கோயிலின் மாலை வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுப்பவன். அதனால் கோயில் செயலாளர் என்னை அழைத்து, நடந்தது என்னவென்று கண்டறிந்து எழுத்தில் தரும்படி கேட்டார். அவருக்குக் கொடுத்த அறிக்கையிலிருந்து ஆட்களையும் கோயிலையும் நிறுவனத்தையும் அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

முறையீடு

முதலில் கைபேசியை என் கையில் கொடுத்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆயா. இங்கே பாட்டியை ஆயா என்றுதான் அழைக்கிறோம். அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. ஆனாலும் பத்து நாள் விரதம் இருந்து பால்குடம் எடுப்பதை விட்டதில்லை. அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில், குத்துவிளக்குப் படம் போட்ட ஒரு விளம்பரம், சர்க்கரை நோயாளிகளுக்கும் மருத்துவப் பரிசோதனை இல்லாமல் ஈமச்சடங்குக் காப்பீடு உண்டு என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து அதே காப்பீட்டைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறை நாளிலும் வீட்டுக்கு விற்பனை அழைப்பு வரக்கூடாது என்பது 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள விதி. அது ஆயாவுக்குத் தெரியாது. ஆனால் சோற்றில் கைவைத்திருக்கும்போது சாவுச் செலவைப் பற்றிப் பேசுவது தகாது என்பது தெரிந்திருந்தது.

அவர் சொன்ன வாக்கியம் இந்த ஆய்வு முழுவதும் என்னோடு வந்தது. "தம்பி, எனக்குச் சக்கரைன்னு நான் முருகன் கோயில்லதானே சொன்னேன்? இவங்களுக்கு யாரு சொன்னா?"

பேரனுக்கு வேறொரு விளக்கம் இருந்தது. கைபேசி நாம் பேசுவதை ஒட்டுக் கேட்கிறது என்று அவன் உறுதியாக நம்பினான். ஆயா அடிக்கடி சர்க்கரை மாத்திரையைப் பற்றிப் பேசுவதால் விளம்பரம் வருகிறது என்றான். இந்த நம்பிக்கை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. இதில் ஒரு வசதியும் இருக்கிறது: ஒட்டுக் கேட்கும் கருவியின் மேல் பழியைப் போட்டுவிட்டால், நம்மில் யார் எதை யாரிடம் கொடுத்தோம் என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அந்த விளம்பரத்தின் மூலையில் இருந்த மூன்று புள்ளிகளைத் தொட்டு, இது எனக்கு ஏன் காட்டப்படுகிறது என்ற பகுதியைத் திறந்தபோது, அங்கே தெளிவாக இருந்தது: விளம்பரதாரர் ஒரு பட்டியலைப் பயன்படுத்தியிருக்கிறார், இந்தக் கணக்கு அந்தப் பட்டியலோடு பொருந்துகிறது. மேலும் எட்டுப் பேரின் கைபேசிகளை வாங்கிப் பார்த்தேன். ஏழில் அதே வரி இருந்தது. எட்டாவது கைபேசிக்காரர் விளம்பரத்தை மூடி மறைத்துவிட்டிருந்தார்.

ஆகவே கேள்வி மாறியது. ஒட்டுக் கேட்டது யார் என்பது கேள்வியல்ல. பட்டியல் யாருடையது என்பதே கேள்வி.

படிவம்

டர்பனில் தைப்பூசம் கொளுத்தும் கோடையில் வருகிறது. விரதத்தில் இருப்பவர்கள், அதுவும் அலகு குத்திக்கொண்டு இரதம் இழுப்பவர்கள், வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடக்கும்போது மயங்கி விழுவது உண்டு. அதனால் காவடி எடுப்பவர்களின் உடல்நிலையை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்ல நோக்கம்தான். அதில் குற்றம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. முன்பெல்லாம் இதை நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார்கள். அந்த ஆண்டு முதன்முறையாக இணையப் படிவம் ஒன்றைத் தயாரித்து, அதன் இணைப்பை வாட்ஸ்ஆப் குழுக்களில் அனுப்பியிருந்தார்கள்.

படிவத்தைத் தயாரித்தவர் கல்லூரியில் படிக்கும் ஒரு தொண்டர். கேட்கத் தோன்றியதை எல்லாம் கேட்டிருந்தார்: பெயர், குடும்பப் பெயர், அடையாள அட்டை எண், கைபேசி எண், மின்னஞ்சல், வீட்டு முகவரி, நட்சத்திரம், காவடியின் வகை, உடல்நிலை, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண். உடல்நிலை என்ற இடத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயநோய், எதுவுமில்லை என்று தேர்ந்தெடுக்கும் பெட்டிகள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் அதே படிவம்தான். பெற்றோரின் சம்மதத்தைத் தனியாகக் கேட்கும் இடம் அதில் இல்லை.

இந்தப் பட்டியலில் தேவையே இல்லாதது அடையாள எண். தென்னாப்பிரிக்காவின் அடையாள எண் 13 இலக்கங்கள் கொண்டது. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த நான்கு ஆணா பெண்ணா என்பதைச் சொல்லும். அதற்கடுத்தது குடிமகனா நிரந்தரவாசியா என்பதைச் சொல்லும். கடைசியில் சரிபார்ப்பு இலக்கம். எண்ணை எழுதியவுடனே வயதும் பாலும் வெளிப்பட்டுவிடுகின்றன. நிறவெறி ஆட்சிக் காலத்தில் இதே எண்ணுக்குள் ஒருவரின் இனப்பிரிவைக் குறிக்கும் இலக்கமும் இருந்தது. 1980களில்தான் அது நீக்கப்பட்டது. ஆயாவின் தலைமுறை அந்த எண்ணைச் சுமந்து வாழ்ந்த தலைமுறை. இலக்கம் போனாலும் வேறு வழியில் அதே தகவலைப் பெறுவது இன்றும் எளிது. கவெண்டர், பிள்ளை, மூட்லி, நாயுடு, படையாச்சி என்ற குடும்பப் பெயரும், 1950ஆம் ஆண்டின் தனிக்குடியிருப்புச் சட்டத்தால் இந்தியர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதி ஒன்றின் அஞ்சல் குறியீடும் ஒரே வரியில் இருந்தால், இனம் என்ற கட்டத்தைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

நம் முன்னோர் இந்த மண்ணில் இறங்கியதே ஒரு பட்டியலில்தான் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 1860 நவம்பர் 16ஆம் நாள் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்தது முதல் 1911 வரை, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அடங்கிய நேட்டால் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடலில் உள்ள தழும்பு, மச்சம் எல்லாம் வரிசையாக எழுதப்பட்டன. இன்று நம் பேரப்பிள்ளைகள் பூர்வீக ஊரைத் தேட அதே பதிவேடுகளைத்தான் புரட்டுகிறார்கள். ஒரு காலத்தில் ஆளை அடையாளம் கண்டு பிடித்துவைக்க எழுதிய பட்டியல், இன்னொரு காலத்தில் உறவைத் தேடப் பயன்படுகிறது. இது நல்ல திசையில் நிகழ்ந்த நோக்க மாற்றம். கோயில் பட்டியலுக்கு நேர்ந்தது அப்படிப்பட்டது அல்ல.

கை மாறிய நாள்

திருவிழாவுக்கு முதலுதவிப் பந்தலும் தண்ணீர்ப் போத்தல்களும் உபயமாகத் தந்தது ஒரு காப்பீட்டுத் தரகு நிறுவனம். பந்தலின் முகப்பில் அதன் பெயர்ப் பதாகை இருந்தது; இதுவரை எல்லாம் வழக்கமானதுதான். காவடிக்கு மூன்று நாள் முன்பு அந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், அவசரம் ஏற்பட்டால் குறுஞ்செய்தி அனுப்ப வசதியாக இருக்கும் என்று சொல்லி, பதிவு செய்தவர்களின் விவரத்தைக் கேட்டார். தொண்டர் முழு எக்செல் கோப்பையும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டார். கைபேசி எண் மட்டும் இருந்தால் போதுமே என்று அவருக்குத் தோன்றவில்லை. யாரிடமும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. அனுப்பிய நேரம் இரவு 10 மணி 40 நிமிடம். அந்தச் செய்திக்குக் கீழே நன்றி சொல்லி ஒரு கும்பிடு படம்.

அந்தத் தொண்டரை நான் குற்றவாளியாக எழுதப் போவதில்லை. அவர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. வாட்ஸ்ஆப் உரையாடலை அவரே திறந்து காட்டினார். அவர் மனத்தில் அது ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்து மேசைக்குக் கொடுப்பது போன்ற காரியம். நம் கோயில்களில் அர்ச்சனை நோட்டு என்று ஒன்று உண்டு. பெயர், நட்சத்திரம், இராசி, குடும்பத்தார் பெயர் என்று ஒரு வீட்டின் அந்தரங்கம் பாதி அதில் இருக்கும். குருக்கள் மேசையில் அது திறந்தே கிடக்கும், யாரும் கவலைப்படுவதில்லை. காரணம், அதைப் படி எடுக்க ஒருவர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுத வேண்டும். காகிதத்துக்கு அதன் சோம்பலே காவல். எக்செல் கோப்புக்கு அந்தக் காவல் கிடையாது. அனுப்பிய நொடியில் அது இரண்டாகிறது, அடுத்த நொடியில் நான்காகிறது, எது மூலம் எது படி என்ற வேறுபாடும் போய்விடுகிறது.

இப்படி நடப்பது சிறிய அமைப்புகளில் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. 2020 ஆகஸ்டில் இந்த நாட்டின் கடன் தகவல் நிறுவனமான எக்ஸ்பீரியனிலிருந்து 2 கோடியே 40 இலட்சம் பேர் வரையிலானோரின் விவரங்கள் வெளியே போனதாக அறிவிக்கப்பட்டது. கணினிப் பூட்டை உடைத்து அல்ல, வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி என்று சொல்லிக்கொண்டு வந்தவரிடம் நிறுவனமே கொடுத்ததால் போனது. நம் தொண்டரிடம் வந்தவர் பொய்யான பெயரில் கூட வரவில்லை.

பொருத்திப் பார்க்கும் இயந்திரம்

இனி, ஒரு பட்டியல் எப்படி ஆயாவின் கைபேசிக்குள் போய் விளம்பரமாக உட்காருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். இது பலருக்கும் மாயமாக இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் விளம்பரம் தருபவர், தன்னிடம் உள்ள வாடிக்கையாளர் பட்டியலை ஏற்றி, இவர்களுக்கு மட்டும் காட்டு என்று கேட்கலாம். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் ஒரு கணிதச் சூத்திரத்தின் வழியே எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட சரமாக மாற்றப்படுகிறது. அந்தச் சரத்திலிருந்து பழைய எண்ணை நேராகத் திருப்பி எடுக்க முடியாது. இதைக் காட்டித்தான் விவரம் யாருக்கும் தெரியாது என்று விளம்பர நிறுவனங்கள் உறுதி சொல்கின்றன. சொல்வது பொய்யல்ல, முழு உண்மையும் அல்ல. தளத்திடம் நம் எண் ஏற்கெனவே இருக்கிறது. கணக்குத் தொடங்கும்போது நாமே கொடுத்தோம். அந்த எண்ணையும் தளம் அதே சூத்திரத்தில் போட்டு அதே சரத்தைப் பெறுகிறது. இரண்டு சரங்களும் ஒன்றானால் ஆள் கிடைத்துவிட்டார். ஒரே சாவிக்குச் செய்த இரண்டு பூட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போலத்தான். சாவியின் வடிவம் வெளியே தெரியாவிட்டாலும் பூட்டுகள் ஒன்று என்பது தெரிந்துவிடுகிறது.

இந்த நிகழ்வில் என்னை வியக்க வைத்தது அதற்கு அடுத்த படி. தரகு நிறுவனம் எக்செல் கோப்பை உடல்நிலைக் கட்டத்தின்படி பிரித்து, சர்க்கரை என்று குறித்தவர்களின் கைபேசி எண்களை ஒரு பட்டியலாகவும், இரத்த அழுத்தம் என்று குறித்தவர்களை இன்னொன்றாகவும் ஏற்றியிருந்தது. அப்படி ஏற்றும்போது சர்க்கரை என்ற சொல் எங்கும் போகவில்லை. போனவை எண்கள் மட்டும். ஆனாலும் யார் எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பதே நோயைச் சொல்லிவிடுகிறது. தகவல் கட்டத்துக்குள் இல்லை, தேர்வுக்குள் இருக்கிறது.

ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனம் 2021 நவம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. உடல்நலம், மதம், இனம், அரசியல் சார்பு போன்ற நுண்ணிய விஷயங்களை ஒட்டிய இலக்குத் தேர்வுகளை விளம்பரதாரர்களிடமிருந்து எடுத்துவிடுவதாகச் சொல்லி, 2022 ஜனவரியில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சர்க்கரை நோயைப் பற்றிய விழிப்புணர்வில் ஆர்வமுள்ளவர்கள் என்று தட்டித் தேர்ந்தெடுக்கும் வழி அதோடு மூடிக்கொண்டது. அந்தக் கதவை மூடியது சரியான செயல். ஆனால் பட்டியலோடு வருபவருக்கு அந்தக் கதவு தேவைப்படவில்லை. அந்தப் பட்டியலை ஏற்ற உரிமை உண்டா என்று உறுதிசொல்லும் பொறுப்பைத் தளத்தின் விதிமுறைகள் ஏற்றுபவர் மேலேயே வைக்கின்றன. ஏற்றுபவர் உரிமை உண்டு என்று ஒரு பெட்டியில் குறி இட்டால் காரியம் நடந்துவிடும்.

பேரன் ஆர்வக் கோளாறில் ஆயாவின் கைபேசியில் அந்த விளம்பரத்தைத் தொட்டு, நிறுவனத்தின் வலைப்பக்கம் வரை போய்ப் பார்த்திருக்கிறான். அந்தப் பக்கத்தில் வந்து போனவர்களைத் தளத்துக்குத் தெரிவிக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நிரல் துண்டு இருந்தது. அதன் பிறகு ஆயாவுக்கு வந்த விளம்பரங்கள் இரட்டிப்பானதில் வியப்பில்லை. கோயில் பட்டியலில் இருந்ததால் வந்த விளம்பரம் ஒன்று. தொட்டுப் பார்த்ததால் வந்தவை மற்றவை. இரண்டாவது வகை, முதல் பட்டியலை அழித்தாலும் தானாக அழியாது.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்த நாட்டின் அரசியலமைப்பு, 14ஆம் பிரிவில், ஒவ்வொருவருக்கும் தனியுரிமை உண்டு என்கிறது. அதை நடைமுறைப்படுத்துவது தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம். இங்கே எல்லாரும் சுருக்கமாகப் போபியா என்பார்கள். 2013ஆம் ஆண்டின் 4ஆவது சட்டமான இதன் முக்கியப் பிரிவுகள் 2020 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தன; ஓராண்டு அவகாசம் கொடுத்து 2021 ஜூலை 1 முதல் கட்டாயமாயின. கண்காணிப்பது தகவல் ஒழுங்குமுறை ஆணையம்.

கோயில் நிர்வாகிகள் சிலர், இது வங்கிகளுக்கும் கடைகளுக்கும் உரிய சட்டம், சாமி காரியத்துக்குப் பொருந்தாது என்று வாதிட்டார்கள். சட்டம் விலக்களிப்பது தனிப்பட்ட முறையிலோ வீட்டளவிலோ செய்யும் காரியங்களுக்கும் வேறு சில குறிப்பிட்ட நிலைகளுக்கும் மட்டும். கோயில் சங்கம் அவற்றுள் வராது. உண்மையில் சட்டம் கோயில்களை மறக்கவில்லை. 28ஆம் பிரிவு, ஒருவரின் மத நம்பிக்கை பற்றிய தகவலைக் கையாளச் சமய அமைப்புகளுக்குத் தனியே அனுமதி தருகிறது. தம் உறுப்பினர்களைப் பற்றி அவர்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம். அதே பிரிவு அடுத்த மூச்சில், அந்தத் தகவலை உரியவரின் சம்மதம் இல்லாமல் மூன்றாம் தரப்புக்குக் கொடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த நிகழ்வுக்கென்றே எழுதி வைத்தது போன்ற வரி அது. காவடிப் பட்டியலில் ஒருவர் பெயர் இருப்பதே அவருடைய சமய நம்பிக்கையைச் சொல்லும் தகவல் அல்லவா?

நாங்கள் கேட்டதற்குத் தரகு நிறுவனம் அனுப்பிய முதல் பதில் கடிதம் சாமர்த்தியமாக எழுதப்பட்டிருந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் உடல்நலத் தகவலைக் கையாளச் சட்டமே அனுமதிக்கிறது என்று 32ஆம் பிரிவைச் சுட்டியிருந்தார்கள். அப்படி ஓர் அனுமதி இருப்பது உண்மை. ஆனால் அது, காப்பீடு செய்யப்படும் இடர்ப்பாட்டை மதிப்பிடத் தேவைப்படும்போதும், காப்பீட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்றவும், அதன் உரிமைகளை நிலைநாட்டவும் உரியது. ஆயா எந்தக் காப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பிக்காதவரின் இடர்ப்பாட்டை மதிப்பிடுவது, பெண் பார்க்க வராதவர் சீர்வரிசைக்கு விலை பேசுவது போன்றது.

தொலைபேசி அழைப்பையும் குறுஞ்செய்தியையும் பொறுத்தவரை 69ஆம் பிரிவு முக்கியமானது. ஏற்கெனவே வாடிக்கையாளராக இல்லாத ஒருவருக்கு, அவர் சம்மதம் இல்லாமல், மின்னணு வழியில் நேரடி விற்பனைச் செய்தி அனுப்பக் கூடாது. சம்மதம் கேட்பதற்காக ஒரே ஒரு முறை அணுகலாம். மறுத்தால் அத்தோடு விட வேண்டும். விற்பனைக்காகப் பேசும் தொலைபேசி அழைப்பும் இதில் அடங்கும் என்ற நிலைப்பாட்டை ஆணையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்பில் எடுத்திருக்கிறது. சமூகத் தளத்தில் பக்கத்துக்கு நடுவே தோன்றும் விளம்பரமும் மின்னணுச் செய்திதானா என்பதில் வாதத்துக்கு இடம் உண்டு. ஏனென்றால் சட்டத்தின் வரையறை, பெறுபவர் எடுத்துக்கொள்ளும் வரை சேமித்து வைக்கப்படும் செய்தி என்று பேசுகிறது. என் அறிக்கையில் நான் அந்த வாதத்தின் மேல் எதையும் கட்டவில்லை. விளம்பரம் எந்த வகையைச் சேர்ந்ததாக இருந்தாலும், அதற்காகப் பட்டியலைப் பயன்படுத்தியதே தவறு. முதலுதவிக்காகச் சேகரித்த தகவலை விற்பனைக்குப் பயன்படுத்துவது, சேகரித்த நோக்கத்தோடு இசைய வேண்டும் என்ற 15ஆம் பிரிவைத் தாண்டிய செயல். அடையாள எண்ணைக் கேட்டது, தேவைக்கு மிஞ்சிக் கேட்கக் கூடாது என்ற 10ஆம் பிரிவைத் தாண்டியது. இந்த இரண்டாவது தவறு கோயிலுடையது.

தண்டனை பற்றி ஊரில் பேச்சு பலமாக இருந்தது. 1 கோடி ராண்டு வரை அபராதம் விதிக்கலாம் என்பது சரி. ஆனால் தவறு நடந்தவுடன் அது தலையில் விழுவதில்லை. பெரும்பாலும் ஆணையம் முதலில் அமலாக்க அறிவிப்பு கொடுக்கும். அதை மதிக்காவிட்டால்தான் குற்றமாகும், அபராதம் வரும். நீதித்துறை அமைச்சகத்துக்கே அப்படித்தான் நடந்தது: 2021இல் அதன் கணினிகள் முடக்கப்பட்டதை ஒட்டி 2023 மே மாதம் அறிவிப்பு, நிறைவேற்றாததால் ஜூலையில் 50 இலட்சம் ராண்டு அபராதம். நேரடி விற்பனை மின்னஞ்சல் தொடர்பில் ஆணையம் ஒரு நிறுவனத்துக்கு அமலாக்க அறிவிப்பு கொடுத்தது 2024 பிப்ரவரியில். சட்டம் வந்ததிலிருந்து அதற்கு ஆன காலத்தைப் பார்த்தால், யானை நடப்பது போல நடக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் நடக்கிறது.

எடுத்த நடவடிக்கை

முதலில் கோயிலைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. சட்டப்படி ஓர் அமைப்பின் தலைவரே அதன் தகவல் அலுவலர். ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். நம் தலைவருக்கு அந்தப் பதவி தனக்கு இருப்பதே தெரியாது. கேட்டதும், இன்னொரு வேலையா என்று பெருமூச்சு விட்டார். பிறகு 22ஆம் பிரிவின்படி, தகவல் உரிமையற்றவர் கைக்குப் போனதை ஆணையத்துக்கும் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று சொன்னேன். இதில்தான் கூட்டம் நீண்டது. நாமே நம் வீட்டுக் குப்பையை வீதியில் கொட்டுவதா என்று ஒரு பெரியவர் கேட்டார். கோயிலின் நற்பெயர் அவருக்கு உயிர். அந்தக் கவலையை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஆயாவுக்கும் மற்றவர்களுக்கும் தங்கள் அடையாள எண் எங்கெங்கே போயிருக்கிறது என்று தெரிந்தால்தான், தங்கள் பெயரில் யாராவது கடன் வாங்க முயன்றால் கண்டுபிடிக்க முடியும். இறுதியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு கடிதம் எழுதி, வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் படித்துக் காட்டினார்கள்; வர முடியாதவர்களுக்குத் தனித்தனியே அனுப்பினார்கள். கூட்டமாகப் போட்டு மறுபடியும் எல்லார் எண்ணையும் எல்லாருக்கும் காட்டிவிடாமல் பார்த்துக்கொண்டோம்.

ஆயாவுக்காக ஒரு தனிக் கடிதமும் எழுதினோம். 23ஆம் பிரிவு, ஒரு நிறுவனம் தன்னைப் பற்றிய தகவல் வைத்திருக்கிறதா என்று கட்டணமின்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும், அதைப் பார்த்த மூன்றாம் தரப்பார் யார் என்று கேட்கவும் எவருக்கும் உரிமை தருகிறது. 24ஆம் பிரிவு அழிக்கச் சொல்லும் உரிமையைத் தருகிறது. கடிதத்தை நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய, ஆயா தமிழில் கையொப்பம் போட்டார். அவருடைய தகப்பனார் நடத்திய திண்ணைப் பள்ளியில் கற்ற எழுத்து. நடுங்கினாலும் வளைவு மாறவில்லை.

படிவத்தையும் மாற்றினோம். அடையாள எண், மின்னஞ்சல், முகவரி மூன்றும் போயின. உடல்நிலை இணையத்தில் கேட்கப்படுவதில்லை. பதிவு மேசையில் ஒரு சிறு அட்டையில் அவரவரே எழுதித் தருகிறார்கள். அது முதலுதவிப் பந்தலில் செவிலியரிடம் மட்டும் இருக்கும். கொடியிறக்கம் முடிந்த மறுநாள் செயலாளர் முன்னிலையில் கிழித்து எரிக்கப்படும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் கையொப்பம் உண்டு. உபயதாரருக்குப் பதாகையும் பிரசாதமும் உண்டு, பட்டியல் கிடையாது. இதை உபயச் சீட்டிலேயே ஒரு வரியாக அச்சிட்டுவிட்டோம். புதிய ஏற்பாட்டில் முதல் ஆண்டு மேசையில் கூட்டம் நெருக்கியது உண்மை. இணையப் படிவத்தின் வேகம் இதற்கு வராது.

தரகு நிறுவனத்தின் இரண்டாவது கடிதம் முதலாவதை விடச் சிறியது. கோயிலிலிருந்து பெற்ற கோப்பையும் அதிலிருந்து ஏற்றிய பட்டியல்களையும் அழித்துவிட்டதாகவும், ஆயாவின் எண்ணை அழைக்கக் கூடாத எண்களில் சேர்த்துவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள். விளம்பரம் நின்றுவிட்டது, ஆயாவே அழைத்துச் சொன்னார். ஆனால் நான் கேட்டிருந்த ஒரு கேள்விக்கு அந்தக் கடிதத்தில் பதில் இல்லை. ஏற்றிய பட்டியலை மாதிரியாகக் காட்டி, இவர்களைப் போன்ற வேறு ஆட்களையும் தேடித் தரும்படி தளத்தைக் கேட்கும் வசதி ஒன்று உண்டு. ஒரே நாட்டிலிருந்து 100 பேர் இருந்தாலே அதற்குப் போதும். அப்படி ஒரு கூட்டம் உருவாக்கப்பட்டிருந்தால், காவடி எடுத்தவர்களின் பெயர்களை அழித்த பிறகும், அவர்களைப் பார்த்து அடையாளம் காணப்பட்ட முன்பின் தெரியாத பலருக்கு, கேப் டவுனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ, அந்தக் குத்துவிளக்கு விளம்பரம் போய்க்கொண்டிருக்கக்கூடும். அவர்களுடைய கைபேசியில் அது ஏன் வந்தது என்று திறந்து பார்த்தாலும், நம் கோயிலின் பட்டியல் வரை பின்தொடர்ந்து வர அவர்களுக்கு வழி இருக்காது. மறுபடியும் எழுதிக் கேட்டேன். பதில் வராததால், இரண்டு கடிதங்களின் படியையும் இணைத்து ஆணையத்துக்கு முறையீடு அனுப்பியிருக்கிறோம்; முறையீடு பெறப்பட்டது என்ற ஒப்புகை மட்டும் கோயில் கோப்பில் இருக்கிறது.